அக்காளுக்கு டாக்டரம்மா எழுதித் தந்த இரண்டு வரி

இதை வாசிக்கிற பெண்கள் முதலில் தேடப்போவது ஒரே ஒரு தகவலைத்தான் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் வாசிப்பேன். அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம், பெண் குழந்தை. அதற்கு ஓர் ஆபரேஷன், ஆறு மாதம் மாத்திரை, அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருப்பு எல்லாம் வேண்டியிருந்தது. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். என்னோடு அதே வார்டில் கிடந்த இரண்டு பேருக்கு நடக்கவில்லை.

நான் கோவில்பட்டியில் தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு கடையில் மனு தட்டச்சு செய்கிறவள். பெயர் ராமலட்சுமி. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று என்று வருகிறவர்களின் கதையைக் கேட்டு, அதை ஆபீசருக்குப் புரிகிற மாதிரி அடித்துக் கொடுப்பது வேலை. மாதத்தில் மூன்று நாள் என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. அடிவயிற்றில் ஆரம்பிக்கும் முறுக்கு முதுகைச் சுற்றித் தொடை வரை இறங்கும். வாந்தி வரும். அந்த நாட்களில் கக்கூஸ் போவதற்கே பயம்; உள்ளே ஏதோ கிழிகிற மாதிரி இருக்கும். சிமெண்டுத் தரையில் வயிற்றை அழுத்திக் குப்புறப் படுத்துக்கொள்வேன். பதினைந்து வயதிலிருந்து இப்படி. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள்.

கல்யாணம் ஆனது. அவர் பெயர் கணேசன். எட்டயபுரம் ரோட்டில் கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். அடுத்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் மற்றது புரியாது. அவரோடு சேரும்போதும் வலிக்கும். மேலே அல்ல, உள்ளே, ஆழத்தில். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதை அவர் பார்த்துவிட்டார். ஒருநாள், "நான் என்னமும் தப்பாச் செய்யுதேனா, சொல்லு" என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு என்ன சொல்வது? எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு காரணம்தான். அது என் அக்காள் முத்துப்பேச்சியின் கதையில் இருந்தது.

அக்காள் என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். எங்கள் ஊர் விளாத்திகுளம் பாதையில் உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர். ஆடு வைத்துப் பிழைக்கிற குடும்பம். மழை பெய்த வருஷம் கொஞ்சம் உளுந்து, கொஞ்சம் பருத்தி. அக்காளை எட்டயபுரம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ஒன்றரை வருஷத்தில் அவள் மாமியாரே கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் விட்டாள்.

"ஒங்க மக என் மகனைக் கிட்ட அண்டவிட மாட்டேங்கா. தொட்டா அலறுதா. மாசத்துல நாலு நாளு தரையில கிடந்து உருளுதா. இவளை என்னமோ பிடிச்சிருக்கு. அதை எடுத்துட்டு அனுப்புங்க."

அம்மா பேயோட்டுகிற கோடாங்கியைக் கூப்பிட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சிப் பொழுது. எனக்குப் பத்து வயது. கோடாங்கி உடுக்கை அடித்துக்கொண்டு, "நீ யாரு? எந்த ஊரு?" என்று கேட்டான். "நான் முத்துப்பேச்சி" என்றாள் அக்காள். வேப்பங்குலையால் அடித்தான். மறுபடி கேட்டான். மறுபடி அதையே சொன்னாள். பிறகு பிரம்பை எடுத்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நிழல் சுவரைவிட்டு இறங்கி முற்றத்துக்கு வந்துவிட்டது. கடைசியில் அக்காள் ஒரு பெயரைச் சொன்னாள். பொன்னுச்சாமி.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்த பையன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது இடி விழுந்து செத்துப்போனவன். அந்தப் பெயர் வந்ததும் அடி நின்றது. அப்போது எனக்குள் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. அக்காளுக்காக வந்த நிம்மதி இல்லை அது. சத்தம் நின்றதே என்று. அவள் உச்சி மயிரை ஒரு கொத்து அறுத்துக் கொண்டுபோய்க் கண்மாய்க்கரைப் புளியமரத்தில் ஆணி அடித்தார்கள். பேய் அதோடு மரத்தில் கட்டுப்பட்டுவிடுமாம்.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் நடந்தது. "செத்தவனோட முன்னமே பழக்கம் இருந்திருக்கு, அதான் அவன் வந்து ஒட்டிக்கிட்டான்" என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் உறவை அறுத்துத் தீர்த்துவிட்டார்கள். அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். இரண்டாவது காரியம், பொன்னுச்சாமியின் தாய் கருப்பாயிப் பெரியம்மா. அவளுக்கு அவன் ஒரே மகன். ஆணி அடித்த அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "எம் பிள்ளை ஒரு எடத்தத் தேடி வந்திருக்கான். அவனை மரத்துல அடிச்சிட்டு வந்துட்டியளேட்டி!" அன்றோடு எங்கள் வீட்டோடு பேச்சு இல்லை. ஒவ்வொரு செவ்வாயும் ஒரு தூக்குச் சட்டியில் சோறும் ஒரு செம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அந்த மரத்துக்குப் போவாள்.

நான் செய்ததையும் சொல்ல வேண்டும். அதுவரை அக்காளைக் கட்டிக்கொண்டு தூங்கியவள், அன்றிலிருந்து என் பாயைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். கல்யாணமாகிப் போகிற வரைக்கும் அப்படித்தான். அவள் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை.

எனக்கும் அதே வலி, அதே உருளல், அதற்கு மேல் பிள்ளையும் இல்லை என்றானதும் அம்மா பயந்துபோனாள். "அவளை விட்டது ஒன்னப் பிடிச்சிருச்சோன்னு நெஞ்சு அடிச்சிக்கிடுது தாயி" என்று சொல்லி இடுப்பில் ஒரு தாயத்தைக் கட்டிவிட்டாள். நான் பத்தாவது படித்தவள், தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவள். வேண்டாம் என்று சொல்லவில்லை. வலி வருகிற நாட்களில் கண்ணை மூடினால் அந்த முற்றமும் உடுக்கைச் சத்தமும்தான். எனக்குள்ளேயும் யாராவது இருக்கிறார்களா என்று காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறேன்.

ஆறாவது வருஷம் கணேசன் முடிவெடுத்தார். முதலில் தனக்கே டெஸ்ட் எடுத்துக்கொண்டார். "ஆம்பளைக்கு எதுக்குடா டெஸ்டு?" என்று அத்தை, அதாவது அவருடைய அம்மா, சண்டைக்கு வந்தாள். "மோட்டார் ஓடலைன்னா காயிலை மட்டும் பாத்தாப் போதுமா? கரண்டையும் பாக்கணும்லாம்மா" என்றார். அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. கோவில்பட்டி லேடி டாக்டர் எனக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு, "இது நான் பாக்கக்கூடியது இல்லம்மா" என்று திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்தார்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் குழந்தையின்மைக்கு என்று தனி நாள், தனி வரிசை. ஹாலில் எல்லோர் மடியிலும் ஒரு ஃபைல். அங்கே ஒருத்தி இன்னொருத்தியிடம் பெயரைக் கேட்பதில்லை. "எத்தனை வருஷம்?" என்றுதான் கேட்பார்கள். ஆறு என்றால், பன்னிரண்டு வருஷம் ஆனவள் நம்மைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். நாலு மணி நேரம் காத்திருப்போம். கணேசன் கீழே கேண்டீனுக்குப் போய் இரண்டு டீ வாங்கி, ஒன்றை மூடி எடுத்துக்கொண்டு வருவார். பெண்கள் பக்கம் ஆண்களை விடமாட்டார்கள். வாசலில் நின்றபடியே கையை நீட்டுவார்.

டியூப் டெஸ்ட் எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. கருக்குழாய் திறந்திருந்தால் மருந்து வழிந்து வெளியே வரும். இடது பக்கம் வரவில்லை. வலது பக்கம் கொஞ்சம் போல வந்தது. அங்கே என்னைப் பார்த்த டாக்டரம்மா நடுவயதுக்காரர், அவசரப்படாதவர். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"கர்ப்பப்பைக்கு உள்பக்கம் ஒரு சவ்வு இருக்கு. மாசாமாசம் அதுதான் உரிஞ்சு ரத்தமா வெளியே போகுது. உங்களுக்கு அதே மாதிரி சவ்வு வெளியே, முட்டைப்பை மேல, குடல் பக்கத்துல எல்லாம் வளர்ந்திருக்கு. அதுவும் மாசாமாசம் ரத்தம் விடும். ஆனா அந்த ரத்தம் போக வழி கிடையாது. உள்ளேயே தங்கி, கெட்டியாகி, எல்லா உறுப்பையும் பசை போட்ட மாதிரி ஒட்டவெச்சிடும். இடது முட்டைப்பையில அப்படித் தேங்கினதுதான் இந்தக் கட்டி. எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு. குழந்தை நிக்காததுக்கும் அதுதான் காரணம், வலிக்கும் அதுதான் காரணம்."

"எல்லா வலிக்குமா டாக்டர்?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எல்லா வலிக்கும். புருஷன்கூட இருக்கும்போது வர்றதுக்கும்."

நான் அழுதுவிட்டேன். வியாதி என்று கேட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன்.

ஆபரேஷனுக்குச் சேரும்போது கூட இருக்க ஒரு பெண் வேண்டும். ஆடுகள் குட்டி போடுகிற காலம், அம்மாவால் வர முடியாது. அத்தைக்கு முழங்கால் வலி. அக்காள் வந்தாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது. வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருக்கும். இரண்டு சேலையும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்குக் கீழே விரித்துக்கொண்டாள்.

சேர்ந்த அன்று டாக்டரம்மா கேட்டார்: "உங்க அம்மாவுக்கு, கூடப் பிறந்தவங்களுக்கு இந்த மாதிரி வலி உண்டா? சில குடும்பங்கள்ல சேர்ந்து வரும்."

"இல்ல டாக்டர்" என்றேன்.

அக்காள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன். வெட்கம் ஒரு காரணம். இன்னொன்று, அவளுக்கு இருந்தது வலி என்று அந்த நிமிஷம்வரை என் புத்தியில் பதியவே இல்லை. அவளுக்கு இருந்தது பேய். அப்படித்தான் என் மண்டையில் எழுதியிருந்தது. அக்காள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நர்ஸ் வந்து வளையல், தாலி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். இடுப்பில் தாயத்தைப் பார்த்துவிட்டு, "இதையும் எடுக்கணும்" என்றாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. அக்காள் கத்திரிக்கோலை வாங்கி அறுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை யாரு கட்டினது?" என்று கேட்டாள்.

"அம்மா."

"எனக்காகவா, ஒனக்காகவா?"

தன்னை விட்டது என்னைப் பிடித்துவிடும் என்று பயந்தா என்றுதான் கேட்கிறாள்; எனக்குப் புரிந்தது. பதில் சொல்வதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

வயிற்றில் மூன்று சின்னத் துளை போட்டு, காற்றை அடைத்து, குழாய் வழியாகக் கேமராவை விட்டுச் செய்கிற ஆபரேஷன். அப்போது எங்கள் பக்கத்தில் அது புதிது. இரண்டு மணி நேரம் என்றார்கள், நாலு மணி நேரம் ஆனது. ஒட்டியிருந்ததையெல்லாம் பிரித்து, கட்டியை உரித்து எடுத்து, சவ்வு தெரிந்த இடத்தையெல்லாம் கருக்கிவிட்டார்கள். கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. அடைத்த காற்று மேலே ஏறி அப்படித்தான் வலிக்குமாம், இரண்டு நாளில் போய்விடும் என்று நர்ஸ் சொன்னாள். அது தெரிகிற வரைக்கும் எவனோ என் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறான் என்றே நினைத்தேன். மயக்கம் தெளியாத நிலையில், "நான் ராமலட்சுமி, நான் ராமலட்சுமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். வாசலில் நின்று கேட்ட கணேசன் பிறகு சொன்னார். அக்காள்தான் என் வாயைப் பொத்தாமல், தலையைத் தடவி, "ஆமா, நீ ராமலட்சுமிதான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

மறுநாள் பிற்பகல். கணேசன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அக்காள் எனக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"தியேட்டர் வாசல்ல என்னைக் கூப்பிட்டுக் காட்டினாவ" என்றாள். "ஒரு தட்டுல வச்சிருந்தாவ. கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்துச்சு. பழைய ரத்தமாம். பல வருஷத்து ரத்தம்னு சொன்னா அந்த நர்சுப் பிள்ளை."

உரித்த தோலைக் கட்டில் ஓரத்தில் குவித்தாள்.

"ஏட்டி லட்சுமி, ஒண்ணு கேக்குதேன், தப்பா நெனைக்காத. மாப்பிள்ளைகூட இருக்கும்போது ஒனக்கு வலிக்குமா?"

"ஆமாக்கா."

"உள்ளயா? ஆழத்துலயா?"

"ஆமா."

ஆரஞ்சுச் சுளையைப் பிட்டு நாரை எடுத்தாள். "எனக்கும் அங்கனதான்" என்றாள்.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரி ரேடியோ வைத்திருந்தாள். அது பாட்டுக்கு விளம்பரம் பாடிக்கொண்டிருந்தது. அக்காள் குரலைத் தாழ்த்தாமல், ஏதோ கடைக்கணக்கு சொல்வது போலச் சொன்னாள்.

"பொன்னுச்சாமிகூட நான் நின்னு பேசினதுகூட இல்ல. அடி தாங்கல. செத்தவன் பேரு ஒண்ணு வேணும்னு கேக்கான். அவன் பேருதான் வாயில வந்துச்சு. சும்மாதான் சொன்னேன். ஆனா சொன்ன பிறகு என்ன ஆச்சு தெரியுமா? மறு மாசமும் வலி வந்துச்சு. அப்ப நானே மனசுக்குள்ள, பொன்னுச்சாமி, போயிரப்பா, என்னை விட்டுருன்னு கெஞ்சினேன். பத்தொம்போது வருசமாக் கெஞ்சிக்கிட்டு இருக்கேன். நான் கட்டின பொய்யை நானே நம்பிட்டேன் பாத்தியா?"

"இப்பவும் வலிக்குதாக்கா?"

"இந்தா, இப்பவும் அதுல மூணாம் நாளுதான்." வலியோடுதான் என்னைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறாள், மூத்திரப் பாத்திரம் எடுத்திருக்கிறாள், நாலு மாடி ஏறி இறங்கியிருக்கிறாள்.

வீட்டுக்குப் போகிற நாள் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். நான் வாயைத் திறந்தேன். "டாக்டர், அன்னைக்கு நான் சொன்னது பொய். எங்க அக்காளுக்கும் இருக்கு." டாக்டரம்மா கோபப்படவில்லை. அன்று மத்தியானமே அக்காளைப் பரிசோதித்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இரண்டு முட்டைப்பையிலும் கட்டி. கர்ப்பப்பை குடலோடு ஒட்டி அசையாமல் கிடந்தது. "இந்த வயசுல எல்லாத்தையும் எடுத்துட்டாத்தான் வலி போகும்மா. எப்ப வேணும்னாலும் வாங்க, செய்யலாம்" என்றார்.

அக்காள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "டாக்டரம்மா, எனக்கு ஒரு காயிதம் வேணும். முத்துப்பேச்சிக்குப் பேய் இல்லைன்னு எழுதித் தருவியளா?"

டாக்டரம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "பேய் இல்லைன்னு நான் எப்படிம்மா எழுதுறது? நோய் இருக்குன்னு எழுதலாம்."

"சரி. அதைத் தமிழ்ல எழுதுங்க."

தன் பெயர் அச்சடித்த தாளில் டாக்டரம்மா இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரி சீலும் வைத்துக் கொடுத்தார். 'முத்துப்பேச்சி என்பவருக்குக் கர்ப்பப்பை சம்பந்தப்பட்ட நோய் நெடுங்காலமாக, இளம் வயதிலிருந்தே இருந்திருக்கிறது. அவருக்கு வந்த வலி உண்மையானது.' அக்காள் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்துவிட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

எனக்கு அடுத்து ஆறு மாதம் ஹார்மோன் மாத்திரை. மாதவிலக்கையே நிறுத்திவைக்கிற மருந்து. விலக்கு நின்றால் உள்ளே மிச்சம் இருக்கிற சவ்வும் காய்ந்து சுருங்கும் என்பது கணக்கு. குழந்தைக்காகச் சாப்பிடுகிற மாத்திரை. ஆனால் அதைச் சாப்பிடுகிறவரை கரு உண்டாகவே கூடாது, உண்டானால் சிசுவுக்கு ஆபத்து என்று எச்சரித்தார்கள். பல வருஷம் கழித்து வேறொரு டாக்டர், இப்போதெல்லாம் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இதைக் கொடுத்து நாளைக் கடத்துவதில்லை என்றார். அன்றைக்கு அதுதான் வழக்கம்.

எடை ஏறியது. முகமெல்லாம் பரு. ராத்திரி உடம்பு அனலாகக் கொதித்து, ரவிக்கை நனைந்து விழித்துக்கொள்வேன். விலக்குத் துணி கொடியில் காயாததைத் தெருவே கவனித்தது. உடம்பும் பூசினாற்போல இருந்ததால், "முழுகாம இருக்கியாட்டி? சொல்லவே இல்ல பாத்தியா" என்று ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் இன்னொருத்தி வாழ்த்திவிட்டுப் போனாள். மூன்றாவது மாதம் குரல் உடைந்தது. கடைக்குப் போன் செய்த ஒருவர், "அண்ணாச்சி, அந்தத் தட்டச்சு அடிக்கிற அக்கா இருக்காவளா?" என்று என்னிடமே கேட்டார். இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வைத்துவிட்டேன். எங்கள் ஊருக்குப் போனபோது என் குரலைக் கேட்ட அம்மா பயந்து இரண்டு அடி பின்னால் போனாள். அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். பொம்பளை உடம்புக்குள்ளிருந்து ஆம்பளைக் குரல். அந்தக் குரல் முழுதாகத் திரும்பவே இல்லை. இன்றும் என் மகளுக்கு நான் பாடுவதில்லை.

அந்த நாட்களில் என்னைத் தாங்கியது யாரும் எதிர்பார்க்காத ஆள், அத்தை. என் மேலுதட்டில் முடி முளைத்ததைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கதவைச் சாத்திவிட்டு, என் தலையைத் தன் மடியில் வைத்து, கஸ்தூரி மஞ்சளும் பயத்த மாவும் குழைத்துப் போட்டு உரித்து எடுப்பாள். "மாத்திரையை நிறுத்தினா எல்லாம் போயிரும். பேசாமப் படு" என்பாள்.

நாலாவது மாதம் அக்காள் கடைக்கே வந்துவிட்டாள். "ஊருக்கு வா. ஒரு எடத்துக்குப் போகணும்."

"அந்தக் காயிதத்தை யாருகிட்ட காட்டப்போற? அவருக்கா?" அவளைத் தீர்த்துவிட்டவரைத்தான் கேட்டேன்.

"அவருக்கு எதுக்கு?" என்றாள்.

அம்மா வாசலிலேயே மறித்தாள். "ஆறிப்போனதை எதுக்குட்டி கிண்டுதிய?"

"ஒனக்கு ஆறிருச்சு" என்றாள் அக்காள். அம்மா விலகி நின்றாள். வெயில் இறங்காத நேரத்தில் ஆட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கருப்பாயிப் பெரியம்மா வீட்டு வாசலில் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு எங்கள் நிழல் அந்த வாசலில் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை. அக்காள் நின்றபடியே அந்தத் தாளை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"பெரியம்மா, எனக்கு இருந்தது சீக்கு. ஒங்க மகன் என்கிட்ட வரவே இல்ல. அடிக்குப் பயந்து அவன் பேரைச் சொல்லிட்டேன். அவன் மரத்துலயும் இல்ல. நீங்க செவ்வாக்கிழமை அங்க போயி வெயில்ல நிக்காதீங்க. அவன் எங்கயும் கட்டுப்பட்டுக் கிடக்கல."

பெரியம்மா சுளகைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப அவன் எங்க?" என்றாள்.

அக்காள் தாளை மடித்தாள். "சொல்லுட்டி. அங்கனதான் இருக்கான்னு நான் ஒரு எடத்தை வச்சிருந்தேன். இல்லைங்கிய. அப்ப எங்க?" கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டாள். அக்காள் அவள் காலைத் தொட்டாள். பெரியம்மா காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வரும்போது அக்காள், "சொல்லாம இருந்திருக்கலாமோ?" என்றாள். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அடுத்த செவ்வாயும் பெரியம்மா தூக்குச் சட்டியோடு மரத்துக்குப் போனாள் என்று அம்மா சொன்னாள்.

மாத்திரை முடிந்தது. விலக்கு திரும்பி வந்தது, பழைய வலியில் பாதிதான் இருந்தது. முட்டை வளர மாத்திரை, ஸ்கேன், இந்த நாள் அந்த நாள் என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒருமுறை நாள் தள்ளி, ஐம்பதாவது நாள் கலைந்தது. அதற்குப் பிறகு நான் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்ட மாதத்தில் கரு நின்றது. கணேசன் அன்று பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அக்காள் தன் ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே வந்தாள். "ஒனக்கு நிக்கட்டும்" என்பாள். நின்ற பிறகும் தள்ளினாள். எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது வலி முற்றி, எழுந்திருக்க முடியாத நிலைமை வந்துதான் சம்மதித்தாள். அந்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு அவளுக்கு வலி வரவில்லை. அவள் அட்மிட் ஆன அன்று நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

கூட இருக்க ஆள் இல்லை. அம்மாவுக்குக் கண்ணில் புரை. அத்தையால் என்னைவிட்டு நகர முடியாது. பெண்கள் வார்டில் கணேசனை விடமாட்டார்கள். "நான் தனியாவே இருந்துக்கிடுதேன். நர்சுப் பிள்ளைய இருக்காவள்லா" என்றாள் அக்காள். எனக்கும் அன்று செக்கப் இருந்ததால் அக்காள், நான், கணேசன் என்று மூன்று பேருமாகக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். திருநெல்வேலி பஸ் நிற்கிற இடத்தில் ஒயர் கூடையோடு கருப்பாயிப் பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை; கூடைக்குள் அந்தத் தூக்குச் சட்டி இருந்தது. விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஊரில் எல்லாம் தெரியும். எங்களைப் பார்த்ததும் பஸ்ஸில் ஏறி, அக்காளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்துவிட்டு, தான் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். திருநெல்வேலி வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வார்டில் அக்காளைக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் படிவத்தோடு வந்தாள். பெயர், வயது, ஊர் எழுதினாள். கூட இருப்பவர் என்கிற இடத்துக்கு வந்ததும் பெரியம்மாவைப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்மா?" என்றாள்.

பெரியம்மா ஒயர் கூடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"இவ எம் மகனுக்கு வேண்டியவ" என்றாள்.

நர்ஸ் தலையாட்டிக்கொண்டே 'மாமியார்' என்று எழுதினாள். நான் அக்காளைப் பார்த்தேன். அவள் தலையை நிமிர்த்தாமல், அந்தக் கிழவிக்கு உட்கார இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.